பாட்டு எந்த இடத்தில் அறுகிறது? வீட்டு மீடியா சர்வரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு அறையில் ராஸ்பெரி பையோ, பழைய லேப்டாப்போ, நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) பாட்டு ஃபைல்களை அனுப்பும் சர்வராக ஓடுகிறது. இன்னொரு அறையில் டிவி, ஆம்ப் அல்லது வைஃபை ஸ்பீக்கர். நேற்று வரை பாடியது இன்று பாடவில்லை என்றதும் பலரும் சந்தேகப்படுவது இன்டர்நெட் வேகத்தைத்தான். சர்வரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு இன்டர்நெட் பக்கமே போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்கிலும் அதற்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரம் என்பது நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். ஆக நொடிக்கு 1,411 கிலோபிட். அதையே தரம் குறையாமல் ஃப்ளாக்காகச் சுருக்கினால் பெரும்பாலும் 700 முதல் 1,000 வரை வரும். எம்பி3 அதிகபட்சம் 320. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் சுருக்காமல் 4,608. 192 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் 9,216 கிலோபிட்தான், அதாவது 10 மெகாபிட்டுக்கும் குறைவு. 100 மெகாபிட் ஈதர்நெட் உள்ள பழைய பெட்டிகூட இதைத் தாராளமாகச் சமாளிக்கும்.

எனவே வேகத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பிளேயர் (பாட்டை ஒலிக்கும் டிவி, ஸ்பீக்கர் போன்ற கருவி) சர்வரைக் கண்டுபிடிக்கிறதா, சர்வரால் ஃபைலைப் படிக்க முடிகிறதா, டேட்டா இடைவெளி விடாமல் வந்து சேர்கிறதா. ஒவ்வொன்றுக்கும் அறிகுறி வேறு, மருந்தும் வேறு. எதில் கோளாறு என்று தெரியும் முன்பே செட்டிங்கை மாற்றத் தொடங்கினால், பழைய கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும்.

முதல் பத்து நிமிடம்: கோளாறை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்

ஒரு லேப்டாப்பை எடுத்து, சர்வர் இருக்கும் அதே ரூட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் அடித்துப் பாருங்கள். சர்வர் புரோகிராம்களில் மினிடிஎல்என்ஏவுக்கு 8200, ஜெல்லிஃபினுக்கு 8096, லிரியான் மியூசிக் சர்வருக்கு 9000, நவிட்ரோமுக்கு 4533. இவை அவை தாமாக எடுத்துக்கொள்ளும் எண்கள். நீங்கள் மாற்றியிருந்தால் அந்த எண்.

பக்கம் திறக்கவில்லையா? சர்வர் புரோகிராம் ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. திறக்கிறது, ஆனால் பாட்டு எண்ணிக்கை பூஜ்யம் என்றால் சிக்கல் ஃபைல் பக்கம். மினிடிஎல்என்ஏவின் 8200 பக்கம் எத்தனை ஆடியோ ஃபைல் சேர்ந்திருக்கிறது என்பதையும், இப்போது எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்பதையும் காட்டும். அந்த ஒரு பக்கத்திலேயே பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் அதே லேப்டாப்பில் விஎல்சி மூலம் ஒரு பாட்டைப் போடுங்கள். கேபிளில் நன்றாகப் பாடினால், கேபிளைக் கழற்றி வைஃபையில் அதே பாட்டைப் போடுங்கள். அதிலும் சரி என்றால், லேப்டாப்பை உங்கள் ஸ்பீக்கர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் மறுபடி போடுங்கள். அங்கும் சுத்தமாகப் பாடுகிறது என்றால் சர்வரும் நெட்வொர்க்கும் குற்றமற்றவை. பிளேயரைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் படியில் கெடுகிறதோ அங்கே நில்லுங்கள்.

பிளேயரில் சர்வர் பெயரே வரவில்லை

பிரவுசரில் திறக்கும் சர்வர் டிவியின் பட்டியலில் வராததற்குக் காரணம், இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதுதான். பிரவுசரில் நீங்களே முகவரி கொடுக்கிறீர்கள். டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து மீடியாவைப் பகிரும் முறை) பிளேயரோ யாருடைய முகவரியும் தெரியாமல், 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே செய்தி குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும்) முகவரிக்கு யுடிபி 1900 போர்ட்டில் "யாராவது மீடியா சர்வர் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி சர்வரை எட்டினால்தான் பதில் வரும். ஏர்பிளேயும் குரோம்காஸ்டும் இதே வேலையை 224.0.0.251 என்ற முகவரியில், 5353 போர்ட்டில் எம்டிஎன்எஸ் மூலம் செய்கின்றன. இந்த வித்தியாசம் கொஞ்சம் கழித்துக் கைகொடுக்கும்.

அந்தக் கேள்வி வழியில் தொலைந்துபோகும் இடங்கள் சில உண்டு. அடிக்கடி நடப்பதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டு ரூட்டர். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிச் சேர்த்த ரூட்டர் ஒன்று. இரண்டும் தனித்தனியாக ஐபி கொடுத்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும். சர்வரின் ஐபி 192.168.1.20, டிவியின் ஐபி 192.168.0.35 என்று மூன்றாவது எண் வேறாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். மல்டிகாஸ்ட் கேள்வியை ரூட்டர் மறுபக்கத்துக்குக் கடத்தாது. இரண்டாவது ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோட் இல்லாத பழைய ரூட்டர் என்றால் முதலில் அதன் ஐபியை முதல் ரூட்டரின் வரிசையில் யாருக்கும் போகாத ஒரு எண்ணாக மாற்றி, டிஎச்சிபியை (ஐபி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து கழற்றி ஒரு லான் போர்ட்டில் செருகுங்கள்.

கெஸ்ட் வைஃபை. அதில் சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கும். சாதாரண வைஃபையிலும் ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன் என்று ஒரு தேர்வு இருக்கும். அது அணைந்திருக்க வேண்டும்.

ஃபயர்வால். லினக்ஸ் சர்வரில் யுடிபி 1900, அதோடு அந்த சர்வர் புரோகிராமின் டிசிபி போர்ட், இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. 1900 மட்டும் திறந்தால் கேள்விக்குப் பதில் வரும், ஆனால் சர்வருக்குள் நுழைய முடியாது. 8200 மட்டும் திறந்தால் பிரவுசரில் வரும், டிவியில் வராது. விண்டோஸ் கணினி சர்வராக இருந்தால் அந்த நெட்வொர்க் பப்ளிக் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள், பிரைவேட் ஆக்குங்கள். கேட்கும் பக்கம் கணினியாக இருந்தால் அதன் ஃபயர்வாலும் குறுக்கே நிற்கலாம். கேள்வி போனது மல்டிகாஸ்ட் முகவரிக்கு, பதில் வருவதோ சர்வரின் சொந்த ஐபியிலிருந்து. ஆகவே இது நாம் கேட்டதற்கு வந்த பதில்தான் என்று ஃபயர்வாலுக்குத் தெரியாமல் தூக்கி எறிந்துவிடும்.

டாக்கர். சர்வர் புரோகிராமைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை இது. அந்தப் பெட்டியான கன்டெய்னர் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் இருந்தால் மல்டிகாஸ்ட் உள்ளே வராது. போர்ட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. டிஎல்என்ஏ வேண்டுமென்றால் ஹோஸ்ட் நெட்வொர்க் மோடில் ஓட்ட வேண்டும்.

போன். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு நெட்வொர்க் மறைந்துவிடும். ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகக் கேட்கப்படுகிறது. முதல் தடவை வேண்டாம் என்று தட்டியிருந்தால் அந்த ஆப் எதையும் கண்டுபிடிக்காது, ஏன் என்றும் சொல்லாது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் அதை மறுபடி இயக்குங்கள்.

ஜெல்லிஃபின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2024இல் வந்த 10.9 பதிப்பிலிருந்து டிஎல்என்ஏ உள்ளே கட்டப்பட்டதாக இல்லை. தனி பிளகின்னாக நிறுவ வேண்டும். அப்கிரேடு செய்த மறுநாள் டிவியில் சர்வர் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது அது.

சர்வரில் கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இயங்கினால் அது எதன் வழியாகப் பேசுகிறது என்பதில் குழப்பம் வரும். வைஃபையை அணையுங்கள், அல்லது மினிடிஎல்என்ஏவின் செட்டிங் ஃபைலில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வரியில் கேபிள் இணைப்பின் பெயரை மட்டும் எழுதுங்கள்.

சில நிமிடம் தெரிந்து, பிறகு மறைகிறது

இந்த அறிகுறிக்குத் தனியிடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மக்கள் மாதக்கணக்கில் அலைவது இதில்தான். சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் பெயர் வருகிறது. நான்கைந்து நிமிடத்தில் போய்விடுகிறது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி வருகிறது. சர்வர் புரோகிராமை எத்தனை தடவை அழித்து நிறுவினாலும் இது தீராது, காரணம் ஸ்விட்சில் இருக்கிறது.

மல்டிகாஸ்ட் எல்லா போர்ட்டுக்கும் போய் நெரிசல் உண்டாக்காமல் இருக்க, ஸ்விட்சிலும் ரூட்டரிலும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற ஏற்பாடு உண்டு. எந்த போர்ட்டில் இருக்கும் கருவி எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்திருக்கிறது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். சர்வர் தொடங்கும்போது "நான் இந்தக் குழுவில் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும், ஸ்விட்ச் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. யாராவது 125 நொடிக்கு ஒருமுறை "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டு, சர்வர் பதில் சொன்னால்தான் பதிவு நீடிக்கும். கேட்கிறவர் பெயர் க்வெரியர். வீட்டு நெட்வொர்க்கில் பல சமயம் க்வெரியர் யாரும் இருப்பதில்லை. அப்போது இரண்டு சுற்றும் பத்து நொடியும் சேர்த்து 260 நொடியில் பதிவு காலாவதி ஆகிறது. அதோடு சர்வருக்குக் கேள்வி போவது நின்றுவிடும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. எம்டிஎன்எஸ் பயன்படுத்தும் 224.0.0 வரிசை முகவரிகளை ஸ்னூப்பிங் தொடக்கூடாது என்பது நடைமுறை. ஆக, குரோம்காஸ்டும் ஏர்பிளேயும் நாள் முழுக்க ஒழுங்காகத் தெரிந்து, டிஎல்என்ஏ மட்டும் மறைகிறது என்றால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம்.

தீர்வு இரண்டு. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் இருந்தால் ஒரே ஒரு இடத்தில் ஐஜிஎம்பி க்வெரியரை இயக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பத்திருபது கருவிகளுக்கு அதனால் நெரிசல் வராது. மல்டிகாஸ்டில் டிவி சானல் வரும் வீடுகளில் மட்டும் அணைக்காமல் க்வெரியர் வழிக்குப் போங்கள். மெஷ் வைஃபை பெட்டிகள் சிலவற்றில் இந்தத் தேர்வு வெளியே தெரியவே தெரியாது. அப்படியிருந்தால் சர்வரை மெயின் பெட்டியில் நேரடியாகக் கேபிளில் இணைத்துப் பாருங்கள்.

மறைவது 15 நிமிடம், அரைமணி என்று நீண்ட இடைவெளியில் என்றால் வேறு காரணம். மினிடிஎல்என்ஏ தன் இருப்பை 895 நொடிக்கு ஒருமுறைதான் அறிவிக்கும். வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். இரண்டு அறிவிப்பு தொடர்ந்து தொலைந்தால் 1,800 நொடி கடந்ததும் பிளேயர் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். நோட்டிஃபை இன்டர்வல் மதிப்பை 895இலிருந்து 60 ஆகக் குறையுங்கள்.

பெயர் வருகிறது, உள்ளே காலி

ஃபைல் அனுமதி. சர்வர் புரோகிராம் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. அதற்கென்று தனி யூசர் இருக்கும். பாட்டு ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 கொடுத்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் மேலிருந்து வரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும். டெஸ்க்டாப் லினக்ஸில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகியதும் தானாக மவுண்ட் ஆகும் (ஒரு ஃபோல்டராக வந்து இணையும்) இடம் உங்கள் யூசருக்கு மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் பாட்டுக்கு எந்த அனுமதி கொடுத்தாலும் சர்வர் யூசர் வாசலிலேயே நின்றுவிடும். சுடோவில் அந்த யூசர் பெயரைக் கொடுத்து ஃபோல்டரைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் டிஸ்க்கை எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் அடையாள எண்ணான யுயுஐடி போட்டு வேறு நிலையான இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க் என்றால் மவுண்ட் ஆன பிறகு அனுமதியை மாற்றிப் பயன் பொதுவாக இல்லை. மவுண்ட் வரியிலேயே யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம் போய் வந்ததும் பாட்டெல்லாம் காணவில்லை என்பது தொடக்க வரிசைச் சிக்கல். டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன் சர்வர் புரோகிராம் எழுந்து, காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டுப் பாட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் அந்த ஃபோல்டரைக் குறிப்பிட்டால் மவுண்ட் ஆகும் வரை சர்வீஸ் காத்திருக்கும்.

புதிதாகப் போட்ட பாட்டு மட்டும் வரவில்லை என்றால் ஐநோட்டிஃபையைப் பாருங்கள். ஃபோல்டரில் நடக்கும் மாற்றத்தை லினக்ஸ் கெர்னல் சர்வருக்குத் தெரிவிக்கும் வழி அது. ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் போடப்படும். பழைய கெர்னல்களில் அதன் உச்சவரம்பு 8,192. ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்திருக்கும் பெரிய சேகரிப்பு இதைத் தாண்டிவிடும். அப்போது லாகில் வரும் பிழைச் செய்தி, டிஸ்க்கில் இடமில்லை என்பது. அதை நம்பி டிஸ்க்கைக் காலி செய்யாதீர்கள். நிரம்பியது காவல்களின் எண்ணிக்கை. சிஸ்கன்ட்ரோலில் மேக்ஸ் யூசர் வாட்சஸ் மதிப்பை 65,536 என்று உயர்த்துங்கள். பாட்டுகள் வேறொரு கணினியிலிருந்து சாம்பா அல்லது என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் ஆகியிருந்தால், அங்கே நடக்கும் மாற்றம் இங்கே ஐநோட்டிஃபைக்குத் தெரியவே தெரியாது. தினம் ஒருமுறை முழு ரீஸ்கேன் ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பட்டியல் மாறாமல் உறைந்து நின்றால் எஸ்டி கார்டு கெட்டிருக்கலாம். கெடத் தொடங்கிய கார்டை லினக்ஸ் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். டேட்டாபேஸில் எதுவும் எழுத முடியாது. ஒரு காலி ஃபைலை உருவாக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் கார்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பாட்டின் பெயர் தெரிகிறது, போட்டால் பாடவில்லை

சில ஃபைல் பாடி, சில பாடவில்லை என்றால் ஃபார்மட். எம்4ஏ என்று முடியும் ஃபைலுக்குள் ஏஏசியும் இருக்கலாம், ஆப்பிளின் ஏஎல்ஏசியும் இருக்கலாம். பெயரைப் பார்த்துத் தெரியாது. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஏற்கும் டிவிகள் உண்டு. அவற்றில் 24 பிட் ஃப்ளாக் மௌனமாக இருக்கும் அல்லது இரைச்சலாக வரும். சர்வரில் டிரான்ஸ்கோடிங் (அனுப்பும்போதே ஃபார்மட்டை மாற்றுவது) இருந்தால் அந்த பிளேயருக்கு மட்டும் எம்பி3 320 அல்லது 16 பிட் பிசிஎம் என்று அமையுங்கள். மினிடிஎல்என்ஏ அடிப்படையில் ஃபைலை இருக்கிறபடியே அனுப்பும் சர்வர். டிரான்ஸ்கோடிங்கை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். டிரான்ஸ்கோடு ஆகி வரும் பாட்டில் பாதியிலிருந்து தாவிக் கேட்பது பல பிளேயர்களில் வேலை செய்யாது, ஏனென்றால் மொத்த அளவு என்னவென்று சர்வருக்கே அப்போது தெரியாது.

காலையில் முதல் பாட்டு மட்டும் தவறுகிறது, இரண்டாவது தடவை அழுத்தினால் பாடுகிறது என்றால் டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தது. சுழன்று நிலைக்கு வர அதற்குச் சில நொடிகள் ஆகும், சில பிளேயர்கள் அதுவரை காத்திராது. லினக்ஸின் எச்டிபார்ம் கட்டளையில் தூங்கும் நேர மதிப்பு 120 என்றால் 10 நிமிடம். 242 என்று கொடுத்தால் ஒரு மணி நேரம்.

பெரிய அட்டைப்படமும் பாட்டை நிறுத்தும். 3,000 பிக்சல் அகலப் படம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் ஒட்டப்பட்டிருந்தால் பழைய பிளேயர்கள் திணறி உறைந்துவிடும். 500 அல்லது 600 பிக்சல், சாதாரண ஜேபெக் போதும். புரோகிரசிவ் ஜேபெக் வேண்டாம்.

சேமித்து வைத்த பிளேலிஸ்ட் திடீரென்று மொத்தமாகப் பாடாமல் போனால் சர்வரின் ஐபி மாறியிருக்கும். ரூட்டரில் சர்வரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதைச் சர்வர் வைத்த முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

பாடுகிறது, ஆனால் திக்கித் திக்கி

திக்கும் தாளத்தைக் கவனியுங்கள். கடிகாரம் வைத்துக் குறித்தால் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும்.

ஒழுங்கில்லாமல் எப்போது வேண்டுமானாலும் அறுந்தால் வைஃபை. பிளேயரும் சர்வரும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. ஒன்றையாவது கேபிளில் போடுங்கள், அதுவும் சர்வரைப் போடுங்கள். வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது. பிறகு பிளேயர் இருக்கும் இடத்தில் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 75ஐத் தாண்டிவிட்டால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று. அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படுவதைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ சேனலை அணைத்துவிடுங்கள்.

சர்வரிலிருந்து பிளேயருக்கு 200 பிங் அனுப்பிப் பாருங்கள். சராசரியைவிட அதிகபட்ச நேரம் முக்கியம். 3 மில்லிசெகண்ட், 4 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருப்பது அடிக்கடி 150, 200 என்று தாவினால் வைஃபை பவர் சேவ் இயங்குகிறது. ராஸ்பெரி பை பிளேயராக இருந்தால் ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவை அணையுங்கள்; ரீபூட்டுக்குப் பிறகும் அது அணைந்திருக்கும்படி செய்ய மறக்க வேண்டாம்.

எப்போதாவது ஒருமுறை, ஆனால் ஒரு நிமிடம் முழுக்க நின்று பிறகு தானே வந்தால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல் ஒன்றில் இருக்கிறது. பல நாடுகளில் அந்தச் சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் போல எதாவது கேட்டால் ரூட்டர் உடனே விலகி, அந்த வரிசையிலேயே புதுச் சேனலுக்குப் போனால் 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ரூட்டரின் குரூப் கீ புதுப்பிப்பு. பல ரூட்டர்களில் அது 3,600 நொடி. பழைய பிளேயர்கள் அந்த நேரத்தில் இணைப்பை நழுவவிடும். மதிப்பை 86,400 ஆக்கினால் நாளுக்கு ஒருமுறையாகக் குறையும்.

எம்பி3 சுத்தமாகப் பாடி, 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் மட்டும் திக்கினால் பஃபர் அளவு. விரித்த ஒலியைச் சேர்த்துவைக்கும் 1 எம்பி பஃபர் சிடி தரத்துக்கு ஏறக்குறைய 6 நொடி தாங்கும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு நொடிகூடத் தாங்காது. எம்பிடி போன்ற பிளேயர்களில் பஃபரை உயர்த்தலாம்.

ஒரு பாட்டு முழுதாகப் பாடி, அடுத்த பாட்டு வரவில்லை, போன் திரையைத் திறந்ததும் வருகிறது என்றால் நெட்வொர்க்கில் எந்தத் தவறும் இல்லை. சாதாரண டிஎல்என்ஏவில் பாட்டு வரிசை போனில் உள்ள ஆப்பிடம்தான் இருக்கிறது. பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டால் அடுத்ததைச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஓப்பன்ஹோம் முறையை ஆதரிக்கும் பிளேயர் என்றால் வரிசை பிளேயரிடமே இருக்கும், போனை அணைத்தாலும் பாடும்.

ராஸ்பெரி பை சர்வர் என்றால் மின்சாரத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், யுஎஸ்பி டிஸ்க் துண்டிக்கப்படவும் கூடும். விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட் த்ராட்டில்டு என்று கேளுங்கள். பூஜ்யம் தவிர எது வந்தாலும் எப்போதோ சிக்கல் நடந்திருக்கிறது. பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், போன் சார்ஜர் போதாது. அதன் நான்கு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் போடுங்கள். பை 3இல் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. அதில் டிஸ்க், யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டலை ஒலியாக்கும் பெட்டி), நெட்வொர்க் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒலியில் சொடக்குச் சத்தம் வரலாம்.

யுஎஸ்பி 3.0 டிஸ்க் செருகியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மோசமாவது கற்பனை இல்லை. அந்தக் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக அந்த அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், நல்ல ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மட்டும் சிறு மௌனம் வந்தால் அது திக்கல் ஆகாது. அடுத்த பாட்டின் முகவரியை முன்கூட்டியே வாங்கி வைக்கும் வசதி பிளேயரில் இல்லை. சர்வரில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

தமிழ் டேக் கோணலாக வந்தால்

பாட்டு பாடுகிறது, பெயர் கேள்விக்குறிகளாக வருகிறது. டேக்கை (ஃபைலுக்குள் இருக்கும் தலைப்பு, பாடகர் போன்ற விவரம்) எழுதிய முறையில்தான் பிழை. எம்பி3யின் ஐடி3 2.3 டேக்கில் தமிழ் யுடிஎஃப்-16 ஆக இருக்க வேண்டும். யுடிஎஃப்-8 அனுமதி 2.4இல்தான் வந்தது. 2.4ஐப் படிக்கத் தெரியாத பழைய பிளேயர் இருந்தால் எல்லாவற்றையும் 2.3, யுடிஎஃப்-16 என்று மாற்றுவது பாதுகாப்பு. எம்பி3டேக், பிக்கார்டு இரண்டிலும் இந்தத் தேர்வு இருக்கிறது. கூடவே ஐடி3 முதல் பதிப்பு டேக்கை நீக்கிவிடுங்கள். அதில் தலைப்புக்கு 30 பைட்தான். தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும். பத்துக் குறியோடு பெயர் வெட்டுப்பட்டுவிடும். பழைய டிஸ்கி, டாப், பாமினி எழுத்துருவில் எழுதிய டேக் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எதுவும் பலிக்காது.

ஒரே இசையமைப்பாளர் பட்டியலில் இரண்டு தடவை வருகிறார், எழுத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைச் சந்தேகப்படுங்கள். கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு இரண்டும் வேறு ஆள். டேக்குகளை, ஒரே குறியாகச் சேமிக்கும் என்எஃப்சி வடிவுக்கு ஒருசேர மாற்றுங்கள். ஃபைல் பெயர்களுக்கு லினக்ஸில் கன்விஎம்வி என்ற கட்டளை இந்த வேலையைச் செய்யும். முதலில் சோதனை ஓட்டமாக ஓட்டி, என்னென்ன மாறப்போகிறது என்று பார்த்த பிறகு உண்மையில் மாற்றுங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது சில பாட்டுகள் மட்டும் பெயர் நீளம் என்று நின்றுபோவதும் இதே கணக்குதான். என்டிஎஃப்எஸ் 255 குறிகளை ஏற்கும். ஈஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். படம், பாடகர், பாடலாசிரியர் எல்லாவற்றையும் ஃபைல் பெயரில் எழுதும் பழக்கம் இங்கேதான் இடிக்கும். அவற்றை டேக்கில் வைத்துவிட்டு ஃபைல் பெயரில் வரிசை எண்ணையும் பாட்டின் முதல் வரியையும் மட்டும் விடுங்கள். பல பாடகர்கள் உள்ள படத்தொகுப்பு பத்து ஆல்பமாகச் சிதறாமல் இருக்க ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற டேக்கை எல்லாப் பாட்டிலும் ஒரே பெயராக நிரப்புங்கள். பிறகு சர்வரின் டேட்டாபேஸை அழித்து முழு ரீஸ்கேன் கொடுங்கள். பழைய பெயர்கள் டேட்டாபேஸில் தங்கியிருந்தால் திருத்திய டேக் கண்ணில் படாது.